மாமா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர்,
17-2-1963

அன்பு மகள் பெர்னதெத்துக்கு,

அப்பா எழுதுவது. கடவுள் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். ஒரு மாதம் முன்பு எழுதியிருந்தால் இந்த வரியை வழக்கத்துக்காகத்தான் எழுதியிருப்பேன், இன்று மனதார எழுதுகிறேன். ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே, படுக்கையில் இருக்கும் உன் மாமனாருக்கு வலது கை கொஞ்சமாவது அசைகிறதா. போன மே மாதம் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது சன்னல் வழியாக ஒன்று கேட்டாய், பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் வைக்கும் நேரம் வந்துவிட்டது என்று எப்படியப்பா தெரிந்துகொள்வது என்று. முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியும் அன்று கையை மட்டும் ஆட்டி அனுப்பினேன். இப்போது கொஞ்சம் தெரிகிறது, அதையும் நாங்கள் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டோம்.

ஆரோக்கியசாமி மாமா கோலார் தங்கவயலிலிருந்து நம் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சுரங்கத் தூசியால் மூச்சிரைப்பு இருந்தாலும் நீ பார்த்தபோது தடி ஊன்றி கேட் வரை நடந்தார் அல்லவா, அக்டோபரில் விழுந்த பிறகு கால் நிற்கவில்லை. எனக்கோ குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து பாரம் தூக்கக்கூடாது. ஆகவே கட்டிலிலிருந்து எழுப்புவது, குளிப்பாட்டுவது, கொல்லைப்புறம் அழைத்துப் போவது எல்லாம் உன் அம்மாதான். ஆள் வைக்கலாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "தாய் தகப்பன் இல்லாத என்னை, பூமிக்குள்ள இறங்கிச் சம்பாதிச்சு வளத்த அண்ணன். அவரை எவனோ ஒருத்தன் கூலிக்கு வந்து தொடணுமா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஒரே போடாகப் போட்டாள். மூன்றாம் தடவை வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நானும் வாத்தியார் புத்திப்படி மார்க் போட்டுக்கொண்டிருந்தேன், மூன்று வேளை சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார், எங்கள் பெயர் மறக்கவில்லை, ஆகவே பாஸ் என்று.

பொங்கல் கழிந்த வாரம் ஒரு காலையில் மாமா உளற ஆரம்பித்தார், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, பூட்ஸைக் கொண்டுவா என்றார். நோயல் டாக்டரை அழைத்து வந்தேன். அவர் மாமாவின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார், மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீரே இல்லை, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கைமீறியிருக்கும் என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, தினமும் காலையில் கூஜா நிறைய வைக்கிறேன், சாயங்காலம் காலியாகத்தான் எடுக்கிறேன் என்று சாதித்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸலைன் ஏற்றி மூன்றாம் நாள் மாமாவுக்குத் தெளிவு வந்ததும், டாக்டர் அம்மாவைக் காபி வாங்கி வர அனுப்பிவிட்டு, கூஜாத் தண்ணீர் எங்கே போயிற்று என்று நேராகவே கேட்டார். கட்டிலை ஒட்டின சன்னலுக்கு வெளியே இருக்கிற ரோஜாத் தொட்டிக்கு என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "குடிச்சா ஒண்ணுக்குப் போகணும், போகணும்னா அவளைக் கூப்பிடணும். அவளுக்குச் சடை பின்னி விட்டவன் டாக்டர் நான். அவ என் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதை நான் எப்படிப் பாக்குறது? மைன்ல ஒரு ஷிப்டு பூரா ஒரு குவளைத் தண்ணியில ஓட்டுனவன்தானே, இதையும் ஓட்டிடலாம்னு பாத்தேன்." மழையில்லாத மாதத்தில் ரோஜா இப்படிப் பூக்கிறதே என்று அம்மா பக்கத்து வீட்டு அல்போன்சாவிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிறது.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், கரும்பலகை அவளுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதி ஒரு வருஷம் நல்ல மார்க் வாங்கினாள், கண்ணாடி வேண்டும் என்று வீட்டில் கேட்கக் கூச்சம். பக்கத்துப் பெண் அம்மை போட்டு லீவில் போனபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மாமாவிடமும் நான் நோட்டைத்தான் பார்த்தேன், கண்ணைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள், "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா இந்த மனுசன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அவளே, பார்க்கிறதுதான் பார்க்கிறீர்கள், நல்ல ஆளாகப் பாருங்கள் என்றாள். ஜீவனஹள்ளி கிருஷ்ணப்பா கிடைத்தார், இருபது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் முடிவு செய்யாமல் மாமா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். மாமா பெயர்கூடக் கேட்கவில்லை, கையைக் காட்டு என்றார், சுரங்கத்தில் தன்னோடு சேர்ந்து இறங்க வரும் புது ஜோடியாளை அப்படித்தான் பார்ப்பார்களாம். உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சொரசொரப்பா இருக்கு, காலை ஷிப்டுக்கு வரட்டும்" என்றார். முதல் நாள் அம்மா கதவருகே நின்று, வெந்நீர் சூடு, மெதுவாக ஊற்று, முதுகைத் தேய் என்று கட்டளை போட்டபடியே இருந்தாள். "அம்மா, ஸ்வல்ப உள்ள போங்க, நானும் யஜமானரும் பாத்துக்குறோம்" என்று தன் கன்னடத் தமிழில் சொல்லி கிருஷ்ணப்பா கதவைச் சாத்திவிட்டார். அன்று அம்மா மத்தியானம் சாப்பிடவில்லை, என் மேலும் கோபம்தான். கிருஷ்ணப்பா கட்டிலடியில் ஒண்ணுக்குப் போக ஒரு சீசா வைத்து, தான் இல்லாத வேளையிலும் யாரையும் கூப்பிட வேண்டாதபடி மாமாவைப் பழக்கிவிட்டார். நாலாம் நாள் மாமா உள்ளேயிருந்து, "ஏம்மா, குடிக்கத் தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு" என்று அதட்டினார், அம்மா ஓடின ஓட்டத்தை நீ பார்க்கவேண்டும். குறை இல்லாமல் இல்லை. கிருஷ்ணப்பா பீடி பிடிக்கிறார், மாமாவுக்கு ஆகாது, கேட்டுக்கு வெளியே போய்ப் பிடி என்று அம்மா விரட்டுகிறாள். ஞாயிறு அவர் வரமாட்டார், அன்று நான்கு வீடு தள்ளியிருக்கும் சுப்பராயன் கைகொடுக்கிறார். ஆனால் மத்தியானத்தில் அம்மா இப்போது மாமா பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பேசுகிறாள், பழைய சண்டைகளையெல்லாம் எடுக்கிறார்கள். "ரெண்டு வருஷமா இங்க ஒரு நர்ஸம்மாதான் இருந்தா, இப்பத்தான் என் தங்கச்சி ஊர்லேர்ந்து வந்திருக்கா" என்று மாமா கேலி செய்கிறார். நேற்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணும்வரை நின்றார், ஈஸ்டருக்குள் கேட் வரை என்கிறார் கிருஷ்ணப்பா.

நீ அனுப்பிய கம்பளியை மாமா காலுக்குத்தான் போட்டிருக்கிறோம். எல்லாம் நானே செய்கிறேன், மாமனார் ஒரு தொந்தரவும் தருவதில்லை என்று நீ போன கடிதத்தில் எழுதியதைப் பெருமையோடு படித்தேன், இரண்டாம் முறை படித்தபோது பயமாயிருந்தது. உன் அன்பில் குறை என்று நினைக்காதே அம்மா, நம்மிடம் கேட்க முடியாத சில வேலைகள் அவர்களுக்கு உண்டு. மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். குழந்தைக்குத் தாத்தாவின் முத்தம். வேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் ஒன்று செய்: வரும் ஞாயிறு நீ குழந்தையோடு பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில், மாப்பிள்ளை தன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வேலைக்கு எங்களைக் கூப்பிடக் கூச்சமாயிருக்கிறது என்று மட்டும் கேட்கட்டும், பதில் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு
உன் நினைவாகவே இருக்கும்
அப்பா