எனக்குக் கரண்டு வைக்கவில்லை

பாலவனத்தம்
12.7.1994

அன்பு மகள் தங்கமாரிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நான் நன்றாக இருக்கிறேன். கடிதம் என்றால் எழுத வேண்டுமே என்று எழுதுகிற நலம் இல்லை இது, மதுரை டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொன்ன நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கிருஷ்ணப்ரியாவும் சுகமாக இருக்க மீனாட்சி துணை நிற்கட்டும்.

உன் கடிதம் நேற்று வந்தது. அப்பாவுக்குக் கரண்டு வைக்கிறார்களாமே, ஏன் மறைத்தீர்கள், லீவு சொல்லிவிட்டேன், ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று அழுது எழுதியிருக்கிறாய். எல்லாம் எதிர்வீட்டு ராமலட்சுமி அக்கா செய்த வேலை. போன வருஷம் நீ கூட இருந்தபோது பித்தக்குழாயிலிருந்த கட்டியை எடுத்தார்கள் அல்லவா, அது திரும்ப முளைத்திருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை தனியாகத்தான் போனேன். வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் போய்ப் படுத்தால், வளையம் மாதிரி இருக்கும் மெஷினுக்குள் தள்ளி, மூச்சைப் பிடி, விடு என்றார்கள். கூட யார் வந்திருக்கிறது என்று நர்ஸ் கேட்டாள். வெளியே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். திரும்பி வந்து மெஷினில் படுத்த கதையை அக்காவிடம் சொன்னதுதான் தப்பு. நம் பக்கம் புற்றுநோய்க்காரன் மெஷினில் படுத்தாலே கரண்டு வைத்து நோயைச் சுடுகிறார்கள் என்றுதானே கணக்கு. "தம்பிக்குக் கரண்டு வைக்காக, இனி ரொம்ப நாள் தாங்காது" என்று ஊரெல்லாம் சொல்லி, சூரத்தில் உங்கள் பக்கத்தில் இருக்கும் தன் மகன் ராஜகுருவுக்கும் எழுதிவிட்டாள். அவன் உன்னிடம் வந்து சொல்லியிருக்கிறான்.

டாக்டர் வெளியூர் போயிருந்ததால் படத்தைப் பார்த்துச் சொல்ல நாளாயிற்று. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அந்த நாளெல்லாம் வீட்டில் கூட்டத்தைப் பார்க்கணுமே. உன் அம்மா போன பிறகு வாசல் மிதிக்காதவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். முகம் கொடுத்துப் பேசாத உன் சித்தப்பா கோட்டைச்சாமிகூட என் கையைப் பிடித்துக்கொண்டு சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தான். ஸ்கேன்தானப்பா என்று சொன்னேன், மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு நானும் அழுத்திச் சொல்வதை விட்டுவிட்டேன். வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது தாயி.

கடைசியில் டாக்டர், "குழாய் சுத்தமா இருக்கு, ஈரலும் நல்லா இருக்கு, மார்கழியில மறுபடி வாங்க" என்றார். ஊரில் வந்து சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கப்புறம் ஒருத்தரும் வரவில்லை. சாத்துக்குடியெல்லாம் வதங்கிப் போய்த் தூக்கிப் போட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் பதில் போடாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சும்மா இருந்தால் நீ வந்துவிடுவாய். ஆனால் அவ்வளவு தூரமும் ரயிலில் அழுதுகொண்டே வருவாயே, மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், எனக்கு ஒன்றும் இல்லை. பேத்திக்கு வெந்நீரை ஆற்றிக் கொடு. உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம். எழுதிக் கொடுத்த லீவை உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நோய் இல்லாத அப்பாவைப் பார்க்கவும் லீவு தருவார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
தனுஷ்கோடி