ஞாயிற்றுக்கிழமை அடைக்கப்போகும் வீடு

அன்பு மகள் சுன்னிவாவுக்கு அப்பா எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் அந்தத் தூரத்து நியூசிலாந்தில் சுகமாக இருந்தால் அதுவே போதும். அம்மாவைப் பற்றிச் சொல்வதற்கு முன் உன் அப்பன் மானம் போன கதையைக் கேட்டுவிடு. செவ்வாய்க்கிழமை திறந்தவெளி அருங்காட்சியகத்தில் என் ஓட்டைக் காலுறையையும் அதிலிருந்து எட்டிப்பார்த்த கட்டைவிரலையும் ஒரு பஸ் நிறைய ஜெர்மன்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்து ஏழைக் குடியானவன் வேஷம் என்று நினைத்திருப்பார்கள், சவரம் வேறு செய்யவில்லை.

எல்லாம் உன் அம்மாவால்தான். அவள் பிறந்த வீட்டை அணை கட்டும்போது மரம் மரமாகப் பிரித்து அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்களே, சின்ன வயதில் உன்னை அழைத்துப் போனபோது ஐஸ்கிரீம் கேட்டு அழுதாயே, அதே வீடுதான். வசந்தத்தில் அவள் மறதிக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டுமென்று கூட்டிப்போனேன், பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஜன்னலோர பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், அன்றிலிருந்து அதுதான் அவள் வீடு, நாம் நாற்பது வருஷம் வாழ்ந்த வீடு யாருடையதோ ஆகிவிட்டது. இங்கே தட்டு வைத்தால் தொடமாட்டாள், அடுத்தவங்க வீட்டுல எப்படிய்யா கை நனைக்கிறது என்கிறாள். அங்கே போனால் நான் டப்பாவில் கொண்டுபோகும் உருளைக்கிழங்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மிச்சமில்லாமல் இறங்குகிறது. வருகிறவர்களையெல்லாம், பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க, இப்பத்தான் தரையைத் தேய்ச்சேன் என்று அதட்டுகிறாள், என்னையும் சேர்த்துத்தான், அதில்தான் காலுறை அம்பலமானது. வழிகாட்டிப் பெண் யோருன் தங்கமானவள், விடுங்க மாமா, நான் மணிக்கணக்கா பேசுறதைவிட கூட்னி அம்மா திட்டுறதுதான் சனங்களுக்குப் பிடிச்சிருக்கு என்று சிரிக்கிறாள். சாயங்காலம் என்னை யாரோ விருந்தாளி என்று நினைத்து வழியனுப்ப அம்மா பஸ் நிறுத்தம் வரை வருவாள், அப்படியே பேச்சுக் கொடுத்து அவளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு அருங்காட்சியகத்தைக் குளிர்காலத்துக்கு அடைக்கிறார்கள் மகளே, இனி மே மாதம்தான் திறப்பார்கள். மேலாளர் அம்மாளிடம் போய்க் கெஞ்சினேன். எனக்கும் மனசு கேக்கலை, ஆனா பனி விழுந்தா பாதையே இருக்காது, அந்தப் பழைய மரத்துக்குள்ள அடுப்பும் மூட்ட முடியாது என்றார். அவர் சொல்வது நியாயம், அதுதான் என்னைக் கொல்கிறது. திங்கட்கிழமை அங்கே விடுமுறை, அன்று அம்மா வெறும் தண்ணீர்தான் குடிக்கிறாள், கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள், ஒரு திங்களே இப்படியென்றால் ஒரு குளிர்காலத்துக்கு நான் எங்கே போவேன். டாக்டர் முதியோர் இல்லம் என்கிறார், அதுவும் அடுத்தவர் வீடுதானே. நம் சமையலறையிலேயே ஜன்னலோரம் பெஞ்சைப் போட்டு, குறுக்கே கயிறு கட்டி, அந்த வீடு மாதிரியே செய்து பார்த்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, அழகா வெச்சிருக்காங்க, யாரு வீடு என்று கேட்டாள். கயிற்றை அவிழ்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை, இரண்டு நாளாகக் குனிந்துதான் அடுப்புக்குப் போய்வருகிறேன்.

நீ படித்தவள், அந்த மேலாளரிடம் ஒரு வார்த்தை பேசு. நான் பஸ் ஓட்டினவன், தொப்பியைக் கையில் முறுக்கிக்கொண்டு நிற்கத்தான் தெரிகிறது. தினமும் ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் போதும், பாதையில் பனியை நானே வாரிக்கொள்கிறேன். அதுவும் முடியாதென்றால் என்ன செய்வதென்று நீயே சொல், எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஆண்டவன் உங்கள் இருவரையும் கைவிடாதிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. யோருன் இதைப் போனில் படம் எடுத்து உனக்கு இன்றே அனுப்பிவிடுவாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பேச மறந்துவிடாதே.

உன் அப்பா,
தூர்லைவ்

கையெழுத்துப் போட்ட பிறகு இதையும் எழுதத் தோன்றுகிறது. நேற்றுப் பஸ் நிறுத்தத்தில் அம்மா என் கோட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். இருட்டிடுச்சு ஐயா, சீக்கிரம் வீட்டுக்குப் போங்க, உங்க வீட்டுல தேடுவாங்க என்றாள். இதோ பஸ் வந்துவிடும் என்றேன். என்னைத் தேடுவதற்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் கூட்னி என்று கேட்க வாயெடுத்தவன், பேச்சை மாற்றி அவளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டேன்.