உன் இலவசமும் என் இலவசமும்

விருத்தாசலம்,
26 அக்டோபர் 2025

அன்புள்ள அன்புக்கரசிக்கு,

நலமா என்று நான் கேட்க வேண்டியதில்லை. நீ நலமாக, இருக்கிற நிறத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பாகவே, ஜங்ஷன் ரோட்டில் பத்தடி உயரத்துக்கு நிற்கிறாய். பீங்கான் பட்டறை மாணிக்கவேல் பேனர் வைத்திருக்கிறார். பட்டுப் புடவை, ஒற்றை வட முத்து, கையைக் கட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு. 'குஜராத் மோர்பியின் டைல்ஸ் ஆலைகளைக் கலக்கும் எங்கள் மண்ணின் மகளே, சொந்த ஊருக்கு இலவச சேவை செய்ய வருக' என்று எழுதியிருக்கிறது. மழையில் ஒரு மூலை கிழிந்துவிட்டது. காற்றடிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாய்.

பேனருக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கிற பெரியம்மாள் நேற்று என்னை நிறுத்தி, "டீச்சர், அந்தம்மா ஒங்க கூடப் படிச்சவங்களாமே? வந்தாங்கன்னா ஒரு வாட்டி கூட்டியாங்க. எம் மவளுக்குக் காட்டணும். படிச்சா அவங்கள மாதிரி வரணும்" என்றாள். அந்த மகளுக்கு மூன்று வருஷம் பாடம் எடுத்தவள் நான். சரி என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். நான் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசுவாய், நான் ம் கொட்டுவேன். ஹாஸ்டலிலும் அப்படித்தான். காகிதத்தில்தான் நீ குறுக்கே சிரிக்க முடியாது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பின் அறையில் ஒழுகுகிறது. இனியா கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம். விடுதிச் சாப்பாடு சரியில்லை என்கிறாள், ஆனால் போட்டோவில் கன்னம் வைத்திருக்கிறது. இவருக்குப் பெண்ணாடம் சர்க்கரை மில்லில் அரவை தொடங்கப் போகிறது. இனி எந்நேரம் வீடு வருவார் என்று சொல்ல முடியாது.

பீங்கான் கல்லூரி வேலையை விட்டு, வீட்டு முன்னறையில் ஆலோசனை அலுவலகம் திறந்து ஒன்றரை வருஷமாகிறது என்பது உனக்குத் தெரியும். 'நீலாவதி, பீங்கான் தொழில்நுட்ப ஆலோசகர்' என்று போர்டு வைத்த முதல் மாதத்தில் உள்ளே வந்தவர் ஒரே ஒருவர். மங்கலம்பேட்டைக்காரர், வளைகுடாவிலிருந்து வந்து வீடு கட்டுகிறவர். வெஸ்டர்ன் டாய்லெட் என்ன விலை என்று கேட்டார்.

தொழிற்பேட்டைக்காரர்கள் ஏன் வரப்போகிறார்கள்? அவர்களுக்குத்தான் என் போன் நம்பர் இருக்கிறதே. சூளையில் சாமான் கோணினால், மெருகு கொப்பளித்தால், "டீச்சர், ஒரு நிமிசம்" என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் மாவு அரைப்பதை நிறுத்திவிட்டு ஸ்கூட்டியை எடுப்பேன். வாசல்வரை வந்து வழியனுப்பி, மீதமான கப்புகளைப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்கள். எல்லாம் கைப்பிடி கோணியவை. என் அலமாரியைத் திறந்தால் தெரியும், எத்தனை வருஷம் எத்தனை சூளைக்குப் போயிருக்கிறேன் என்று.

சித்திரையில் இதை உன்னிடம் சொல்லி அழுதேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சும்மா செய்யி, வேணாங்கல. ஆனா சும்மா செய்யறேன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமாடீ? செஞ்ச வேலைய எழுது, அதுக்கு முழுத் தொகையும் எழுது, கீழ அப்படியே கழிச்சிட்டு பூஜ்யம் போட்டுக் கையில குடு. கொடுக்கறத காட்டிக் குடு" என்றாய். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் செய்தேன்.

வைகாசியில் மாணிக்கவேல் பட்டறையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தன. கூடவே நின்று சரிசெய்து கொடுத்துவிட்டு, நீ சொன்ன மாதிரியே பில்லை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "இன்னா டீச்சர், இவ்ளோவா?" என்றார். பிறகு கீழே பார்த்து, "பூஜ்யமா?" என்றார். மறுபடி மேலே பார்த்தார். "அப்போ இத்தினி வருசமா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் ஆள் மூலம் ஒரு டஜன் கப்பு வந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் கைப்பிடி நேராக இருந்தது. அன்றிலிருந்து என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். நீ சொன்னது எவ்வளவு சரி என்று அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? நீ ஏதோ ஒரு டைல்ஸ் கம்பெனி மீட்டிங்கில் இருந்தாய்.

உனக்குத் தெரியாதது இதற்குப் பிறகு நடந்தது. ஆடி முடிந்ததும் புதுச் சூளை கட்டப்போவதாகச் சொல்ல அவரே வீட்டுக்கு வந்தார். "சூளை ஏத்தறதுலேர்ந்து ஆறு மாசம் பாத்துக்கற வரைக்கும் நீங்கதான் மேடம். இந்த வாட்டி பூஜ்யம் வேணாம், முழுசா போடுங்க" என்றார். அவருக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போய், அதை நானே குடித்துவிட்டு வந்தேன். சாயந்திரம் இவரிடம் சொன்னதும், மனிதர் நேரே பஜாருக்குப் போய் ஒரு விளக்கு வாங்கிவந்தார். "மொதக் காசு வந்ததும் போர்டுக்கு மேல மாட்டிடலாம். ராத்திரில பேரு தெரிய மாட்டேங்குது" என்றார். அட்டைப்பெட்டியோடு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தோம். உனக்கு இதைச் சொல்லவில்லை. பணம் கைக்கு வந்தபின் சொல்லலாம் என்றிருந்தேன்.

அதற்குள் நீ புரட்டாசிக்கு முந்தின முகூர்த்தத்தில் உன் சித்தி பையன் கல்யாணத்துக்கு வந்தாய். பந்தியில் மாணிக்கவேல் உன் பக்கத்தில் உட்கார்ந்தாராம். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருப்பதாக நீ சொன்னாயாம். அவர் சூளையைப் பற்றிச் சொன்னாராம். இலையை மடிப்பதற்குள் முடிந்துவிட்டது. நீ மோர்பி திரும்பிய கையோடு பில்லும் அனுப்பிவிட்டாய். முழுத் தொகை, அதற்குக் கீழே கழிவு, அதற்குக் கீழே பூஜ்யம்.

அதை அவர் பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்துக்கொண்டு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார், என்னையும் சந்தோஷப்படுத்த. "பாருங்க டீச்சர், ஒங்க கூட்டாளி எனக்காக எவ்ளோ விட்டுக்குடுத்திருக்காங்க!" என்றார். மேடம் போய் டீச்சர் திரும்பி வந்ததை அவர் கவனிக்கவில்லை. உன் தொகை என் தொகையைவிட ஒரு சைபர் கூடுதல். அந்தச் சைபரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அப்போ நம்ம பேச்சு…" என்று இழுத்தேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை, அன்பு. கெட்ட மனிதர் இல்லை. "அவங்க எவ்ளோ வாங்கறவங்க, அவங்களே வேணாங்கறாங்க. நீங்க எப்பவும் சும்மா செய்யறவங்கதானே டீச்சர், அது வேற. அவங்க ரெண்டு நாள்ல பத்த வச்சிட்டுப் போயிடுவாங்க. அப்பறம் பாத்துக்க நீங்க இருக்கீங்களே, பக்கத்துலயே" என்றார். நான் அவருக்கு வேண்டுமென்றே கைப்பிடி கோணிய கப்பில் டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, நல்லா இருக்குது என்று சொல்லிப் போனார்.

எனக்குப் பொறாமை. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உன் சம்பாத்தியத்தைப் பார்த்து எனக்கு இப்படி வந்ததில்லை. உன் காரும் வீடும் எனக்கு ஒன்றும் செய்ததில்லை. உன் இலவசத்தைப் பார்த்துத்தான் வருகிறது. நீயும் பூஜ்யம்தான் போட்டாய், நானும் பூஜ்யம்தான் போட்டேன். உன் பூஜ்யத்துக்குப் பேனர் வைக்கிறார்கள். பேனர் வைத்த நாளிலிருந்து ஒரு நினைப்பு மனசுக்குள் ஓடுகிறது: சூளைக்குள் தள்ளுகிற முதல் வண்டிச் சாமான் மொத்தமும் வெடிக்கட்டும், இவள் ஊரார் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கட்டும். பாத்திரம் தேய்க்கும்போதுகூட அதையே நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

இது வெறும் சாபம் இல்லை, வெடிக்கத்தான் போகிறது. அது எனக்கு மட்டும் தெரியும். அவர் இந்த வருஷம் வேறு குழி மண் வாங்கியிருக்கிறார். பார்வைக்குப் பழைய மண் மாதிரியே வெள்ளையாக இருக்கும். ஒரு துளி பல்லில் வைத்துப் பார்த்தேன், மணல் நறநறத்தது. சூடு ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் வேலையைக் காட்டும். மோர்பியில் நீங்கள் வேகமாக ஆற்றிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் இங்கே ஆற்றினால், வண்டியை வெளியே இழுத்த பிறகு ஒவ்வொன்றாக டிக், டிக் என்று விரியும்.

இந்த இடம் வரை உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் எழுதிக்கொண்டு வந்தேன். நல்ல மனசு வந்து சொல்லிவிடவில்லை. அங்கே சாமான் அடுக்குகிற மாரியம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் நல்ல பீஸுக்குத்தான் கூலி. வெடித்தால் நீ ரயிலேறிவிடுவாய், மாணிக்கவேல் அடுத்த வண்டி ஏற்றுவார், அவர்களுக்கு அந்த வாரம் கூலி இல்லை. அதனால் கேட்டுக்கொள்: அறுநூறு டிகிரியிலிருந்து ஐந்நூறுக்கு இறங்கும் இடத்தில் புகைப்போக்கிக் கதவை அடைத்துவிட்டு, சூளையை அதன் போக்கில் விடு. மாணிக்கவேல் அவசரப்படுத்தினால் அவர் பேச்சைக் கேட்காதே. இதற்கும் நான் பில் எழுதவில்லை. பழக்கம்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ வா. சூளையை ஏற்று. ஆனால் அவரிடம் பணம் வாங்கு. முழுதும் வாங்கு. உனக்கு வேண்டாமென்றால் நம் ஹாஸ்டலுக்குக் கொடு. தண்ணீர்த் தொட்டி கட்டு, உன் பெயரைப் பெரிதாகப் போடு, நான் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறேன். இந்த ஊரில் சூளை பார்ப்பது ஒரு தொழில், அதற்குக் கூலி உண்டு என்று அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போதுதான் அவருக்குத் தெரியும். நீ சும்மா செய்துவிட்டுப் போனால், அதன் பிறகு இங்கே யாரிடமும் நான் எதற்கும் கேட்க முடியாது. உனக்கு அது ரெண்டு நாள் சந்தோஷம். எனக்கு இருப்பது இந்தத் தொழில் ஒன்றுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதில் சூளையை ஏற்றுகிற கை உன்னுடையது இல்லை. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். உனக்கே தோன்றினால் தோன்றட்டும்.

எப்படி வந்தாலும் அவர் போட்டிருக்கிற லாட்ஜில் தங்காதே. பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமைதான் சூளைக்குப் பூஜை. நீ பன்னிரண்டாம் தேதியே வந்துவிடு. இனியாவின் கட்டிலை ஒழித்து வைக்கிறேன். அங்கே கண்ணால் பார்க்கக் கிடைக்காத நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன், கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கலாம். நேர்க் கைப்பிடிக் கப்பு இரண்டை எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. முதுகுவலிக்காரி, கீழ் பெர்த்தாகப் பார்த்துப் போடு. உன் கைக்கு எப்போதும் குறையில்லாத வேலை இருக்கட்டும். பொறாமையோடுதான் வாழ்த்துகிறேன், ஆனாலும் வாழ்த்துகிறேன்.

நீ ராத்திரி வண்டியில் இறங்கினால் வீடு அடையாளம் தெரிய வேண்டுமே, அந்த விளக்கைப் போர்டுக்கு மேல் மாட்டிவிடட்டுமா என்று இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் பதில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்,
நீலாவதி