உராய்வில்லாத பிரேக்

மார்கழி, வியாழன் இரவு

வண்டி பிரேக் தாங்குமா என்று கணினியில் சோதிப்பது என் வேலை; பிரேக் கட்டை சக்கரத்தட்டைத் தொட்டதும் கணக்கு கன்வெர்ஜ் ஆகாமல், ஒரு விடைக்கு வராமல், நின்றுவிடும். பாகங்களைக் கணக்குக்காகக் கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ்ஷைப் பொடியாக்கியும் பயனில்லை. எங்கே இடறுகிறது என்று பார்க்கக் காலையில் உராய்வைப் பூஜ்யமாக்கினேன். கணக்கு ஓடி முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் உராய்வைத் திரும்பப் போட மறந்து, அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

உராய்வே இல்லாத பிரேக்!

மாலையில் மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கஸ்டமருக்குப் போயிடுச்சு, விடும்மா" என்கிறார். எப்படி விடுவது?

இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்கு விடிந்ததும் தம்பி சென்னைக்கு வேன் ஓட்டிப் போகிறான், எலவனாசூர்கோட்டையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு. வேனில் கொடி கட்டிக்கொண்டிருந்தவனிடம், "பிரேக் பாத்தியாடா?" என்றேன்.

"இன்னாக்கா திடீர்னு? பிரேக்கெல்லாம் நல்லாத்தான் கீது."

என் அறிக்கையின் கடைசி வரியும் அதுதான்.