நான்காம் நாள் எழுதிய வரி

தருவைகுளம்
29.7.2025

அன்புள்ள ரோச் அண்ணனுக்கு,

தங்கை டெல்பின் எழுதுவது. சேசுவுக்குத் தோத்திரம். போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வந்த இடத்தில் உன் தெருக் கிளாடிஸ் அக்காதான் சொன்னாள். "ஏளா, ஒனக்குத் தெரியாதா? ஒங்கண்ணனுக்கு ரத்தப் புத்து திரும்ப வந்துட்டாம்லா." அந்தக் கூட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் எலும்பு மஜ்ஜை உனக்குப் பொருந்துகிறது என்றார்கள். தலையாட்டிவிட்டு, சென்னைக்கு ரயிலேற வேண்டிய அன்று நான் வரவில்லை. வீட்டுக்காரர் விடவில்லை என்று சொல்லியனுப்பினேன். அது பொய் அண்ணே. ஆன்டனி பையைக் கட்டிவைத்துக் காத்திருந்தார். இடுப்பெலும்பில் ஊசி இறக்குவார்கள் என்றதும் பயந்து ஒளிந்தவள் நான்தான். அப்போது வெறும் மருந்திலேயே நீ பிழைத்தது சேசு புண்ணியம்.

இந்தத் தடவை கட்டாயம் வருகிறேன். எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். நீ தேதியை மட்டும் சொல்லு. மைனியைக் கேட்டதாகச் சொல்லு.

உன் தங்கை,
டெல்பின்


தூத்துக்குடி
4.8.2025

டெல்பினுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று வருஷமாக ஆன்டனியைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு என்று அவரிடம் சொல்லிவிடு.

உன் மஜ்ஜை தேவைப்படாது. இப்போது வேறு வைத்தியம். என் ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டு, நோயை எதிர்க்கிற அணுக்களைப் பிரித்தெடுப்பார்களாம். புற்றுச் செல்லை அவை அடையாளம் கண்டு தாக்குகிற மாதிரி ஆய்வுக்கூடத்தில் மாற்றி, பெருக்கி, மறுபடி எனக்கே ஏற்றுவார்கள். டாக்டர் செந்தூர்வேல் நம்ம பக்கத்துக்காரர். "வேற யாரும் குடுக்க வேண்டாமா?" என்று கேட்டேன். "ஒங்க செல்லே போதும் அண்ணாச்சி" என்றார். கேட்டு எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை.

துறைமுகத்தில் லீவு சொல்லிவிட்டேன். நிலக்கரிக் கப்பல் வேலையை ஆவுடையப்பன் பார்த்துக்கொள்வான். அடுத்த வாரக் கடைசியில் சென்னைக்குப் போகிறோம். உன் மைனி இசபெல்லா துணைக்கு வருகிறாள். அவள் போதும்.

ரோச்


தருவைகுளம்
8.8.2025

அண்ணே,

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். நல்ல சேதிதான். ஆனாலும் வாசித்துவிட்டு அழுதேன். மஜ்ஜையைக் கொடுத்தால் என்னோடு பேசுவாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

சும்மாவாவது வந்து கட்டில் பக்கத்தில் உட்காருகிறேனே. நீ பேசக்கூட வேண்டாம். வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது.

டெல்பின்


சென்னை
6.10.2025

அன்புள்ள டெல்பினுக்கு,

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். ரெண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை.

செல் ஏற்றி ஒரு மாதமாயிற்று. மஜ்ஜையைச் சோதித்ததில் புற்றுச் செல் தென்படவில்லையாம். இனி வரவே வராது என்று இப்போதே சொல்ல முடியாதாம். இசபெல்லா கேவிக் கேவி அழுதாள். நான் "சரி டாக்டர்" என்றேன்.

இந்த வைத்தியத்தில் சில பேருக்குப் புத்தி தடுமாறும். அதைக் கண்டுபிடிக்க, தினமும் ஒரு தாளில் ஒரே வரியை எழுதச் சொல்வார்கள். 'எங்கள் ஊர் தூத்துக்குடி' என்று எழுதிவந்தேன். செல் ஏற்றிய நான்காம் நாள் காய்ச்சல் கொதித்தது. அன்றைக்கு நான் எழுதிய தாளை இசபெல்லா நேற்று காட்டினாள். எழுத்தெல்லாம் கோணிக் கிடக்கிறது. 'டெல்பினை வரச் சொல்லு' என்று இருக்கிறது. எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை. நினைவு தப்பியிருக்கிறது என்று கீழே குறித்திருக்கிறார்கள்.

"மனசுல கெடந்ததுதானே வெளிய வந்திருக்கு" என்கிறாள் இசபெல்லா. இருக்கலாம். இன்று காலை, நல்ல நினைவோடு, அதே வரியை எழுதிப் பார்த்தேன். உன் பெயர் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை.

நீ வராதே.

அண்ணன்,
ரோச்