மூன்று ரேஸரும் உன் அப்பாவின் முகமும்

படப்பை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ராஜசேகருக்கு அம்மா எழுதுவது. மாத்திரை, கஞ்சி, கைக்குப் பயிற்சி என்று இங்கே எங்கள் நலம் ஓடுகிறது, அங்கே கனடாக் குளிரில் நீ நலமாக இருந்தால் போதும். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால் அங்கே வரும் லீலா அத்தையின் மருமகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்த மனுஷனுக்கு நீ மூன்று ரேஸர் அனுப்பியிருக்கிறாய். ஒன்றுக்குத் தலை நேர், ஒன்றுக்குச் சீப்பு மாதிரி பல், ஒன்றுக்குத் தலையே முறுக்கிக்கொண்டு கோணல். எது மென்மை, எது ஒரே இழுப்பில் வழிக்கும் என்று நீளமாய் வீடியோ வேறு. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு முகம்தானடா. பல் வைத்ததில் நுரை அடைக்காது என்றாய், நுரை அடைக்கவில்லை, தோல்தான் உரிந்தது. காலமெல்லாம் ஒரகடம் பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த உன் அப்பா கோணல் தலையைப் பார்த்ததும், "இன்னா சசி, இது பெண்டா கீது, ரிஜெக்ட் பீஸை நம்ம பையன் தலையில கட்டிட்டானுங்க" என்று, பேக்டரியில் கழித்த பீஸுக்கு வைப்பது போலச் சிவப்பு பெயின்டில் பொட்டு வைத்துவிட்டார். அதோடு விட்டாரா. பக்கத்து வீட்டு நம்பிராஜனிடம் கொடுக்க, அந்த மேதாவி தன் கம்பெனி டூல் ரூமில் வைஸ் இடுக்கியில் பிடித்து நிமிர்த்திக் கொண்டுவந்தான். நிமிர்ந்த தலையில் பிளேடு ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது, இடது கையால் இழுத்த முதல் இழுப்பிலேயே தாடை கிழிந்தது. அப்போதும் இவர் ரேஸரைத்தான் திட்டினார்.

இத்தனை கூத்தும் எதற்கென்று உனக்குத் தெரியாது. நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்று நான் சொன்னது பொய். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட முகத்தை உனக்குக் காட்ட மாட்டாராம், கதவுக்குப் பின்னால் நின்று உன் குரலைக் கேட்கிறார். தன் கையாலேயே வழித்து முகத்தைச் சரி செய்துவிட்டுத்தான் பேசுவாராம். வழித்தால் வாய் நேராகிவிடுமா. நீயோ அவருக்கு உன்மேல் கோபம் என்று நினைத்து அவரைக் கேட்பதையே விட்டுவிட்டாய். அப்பனும் மகனும் நன்றாக வாய்த்தீர்கள் எனக்கு.

கடைசியில் வீடியோவில் நீ மட்டம் என்று தள்ளிய நேர் தலைதான் உதவியது. நல்ல பக்கத்தை அவரே வழித்தார். இழுத்த பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் விட்டார், எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறேன். பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்ளாதே. அந்தக் கோணல் ரேஸர் ரிஜெக்ட் இல்லை அப்பா, அதன் அமைப்பே அப்படித்தான், நிமிர்த்தாமல் விட்டிருந்தால் நன்றாக வழித்திருக்கும் என்று முதலில் சொல். நான் சொன்னால் நம்ப மாட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, இனி ரேஸர் அனுப்பாதே. அந்த ஆத்தா உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும்.

உன் அம்மா,
சசிகலா