வெறுமையாக விட்ட பக்கம்

ஆகஸ்ட் 14, சனி. கட்டுகஸ்தோட்டை.

ராக் குழுவை விட்டு வந்தபின் நான் தனியாகப் பாடிய முதல் கசட் விற்கிறதா என்று பார்க்க இன்று கண்டிக்குப் போனேன். ஹனிபா நானாவின் கசட் கடை ஒலிபெருக்கியில் என் குரல்தான் கேட்டது. ஆனால் அது குழுவோடு பாடிய பழைய பாட்டு.

என் பாட்டுகள் ஒரு பக்கத்துக்குத்தான் வந்தன. மறுபக்கத்தை வெறுமையாக விட்டிருந்தேன். பிரதி எடுக்கும்போது நானா அதில் குழுவின் பாட்டுகளை நிரப்பிவிட்டார். சத்தம் போட்டேன்.

"வெறும் டேப்ப வித்தா ஆக்கள் ஏசுவாங்க தம்பி. இதும் ஒங்கட குரல்தானே?"

"என்னோட பக்கத்தப் போடுங்க நானா."

போட்டார். ஒற்றைக் கிட்டார், தகரக் கூரையில் மழை, என் கரகரப்பு. கசட் வாங்க நின்ற பெண் முகம் சுளித்தாள்.

"டேப் பழுதாங்க?"

நானா என்னைப் பார்க்காமலே கசட்டைத் திருப்பிப் போட்டார். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

எனக்கும் ஒன்று தந்தார். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். என் பக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மற்றப் பக்கம் முடியும்வரை ஓடியது. கூடவே பாடிக்கொண்டிருந்தேன்.